ஒரு பாட்டிலுக்கு இரண்டு வயது: முதிர்ந்த விண்டேஜ் ஷாம்பெயினைச் சுவைப்பது எப்படி?

2019 அக்டோபரில், பிரான்சின் ஷாம்பெயின் பகுதியில் உள்ள அவீஸ் கிராமத்தில், ஒரு சிறு திராட்சைத் தோட்டக்காரரின் நிலவறையில் நின்றுகொண்டிருந்தேன். சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து செய்த அறை. சுவரில் கை வைத்தால் ஈரமும் வெள்ளைப் பொடியும் ஒட்டின. அவர் இரண்டு பாட்டில்களை எடுத்துவந்தார். இரண்டும் 1990 அறுவடை. ஒரே தோட்டம், ஒரே ஒயின், ஒன்றாகவே பாட்டிலில் அடைத்தவை. ஒன்றில் கார்க் இறுக்கிக் கம்பி கட்டியிருந்தது. இன்னொன்றைத் தலைகீழாகவே பிடித்திருந்தார். அதற்குக் கார்க் இல்லை; சோடா பாட்டில் மூடி மாதிரி ஒரு தகர மூடி. கழுத்துக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு விரல்கடை அளவுக்கு வண்டல் படிந்திருந்தது.

அந்தத் தலைகீழ் பாட்டிலை இடது முழங்கையோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். வலது கையில் ஒரு சாவி. மூடியை நெம்பிக்கொண்டே பாட்டிலின் வாயை ஒரே வீச்சில் மேலே திருப்பினார். 'டப்' என்று ஒரு சத்தம். வண்டல் முழுக்க நுரையோடு பீய்ச்சியடித்து, எதிரே இருந்த மரத்தொட்டியில் விழுந்தது. அடுத்த நொடி கட்டைவிரலால் வாயை அடைத்துவிட்டார். பாட்டிலுக்குள் இருந்தது பளிச்சென்று தெளிந்திருந்தது. இந்தக் கைவேலைக்கு 'ஆ லா வொலே' என்று பெயர். இப்போது பெரும்பாலும் இயந்திரம்தான் செய்கிறது.

இரண்டு கிளாஸ்களிலும் ஊற்றினார். சற்று முன் திறந்தது இளம் வைக்கோல் நிறம். எலுமிச்சைத் தோல், பிசைந்து வைத்த மாவு, ஈரச் சுண்ணாம்பு என்று மணந்தது. இருபத்தொன்பது வயது என்று சத்தியம் செய்தாலும் நம்பியிருக்க மாட்டேன். 1998லேயே வண்டல் எடுத்துக் கார்க் போட்ட மற்றதோ நல்ல பொன்னிறம். தேன், காய்ந்த அத்திப்பழம், காப்பிக்கொட்டை வறுக்கும் வாசனை. அவர் சொன்னார்: "ரெண்டும் ஒரே நாள் பிறந்ததுதான். இது இருபத்தொரு வருஷமா தனியா வாழுது. அது இன்னிக்குத்தான் அம்மா மடியை விட்டு இறங்கியிருக்கு."

முதிர்ந்த விண்டேஜ் (ஒரே ஆண்டின் அறுவடையில் செய்த) ஷாம்பெயினைப் பற்றி ஒருவர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான் என்று நினைக்கிறேன். லேபிளில் இருக்கும் ஆண்டு பாதிக் கதைதான். ஒவ்வொரு பாட்டிலுக்கும் இரண்டு வயது உண்டு: வண்டலோடு கழித்த வயது ஒன்று, கார்க்கின் கீழ் கழித்த வயது இன்னொன்று. இந்த இரண்டும் இரண்டு விதமான சுவையைத் தருகின்றன. இது பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கிவிடும்.

சரி, அடிப்படையிலிருந்து வருவோம். பாரிஸுக்குக் கிழக்கே, ரான்ஸ், எப்பர்னே ஆகிய ஊர்களைச் சுற்றிய பகுதியில் விளையும் திராட்சையில், அங்கேயே, அதற்கான முறைப்படி செய்ததற்கு மட்டுமே ஷாம்பெயின் என்ற பெயர். முக்கியமான திராட்சைகள் மூன்று: வெள்ளைத் திராட்சையான ஷார்தொனே, கறுப்புத் திராட்சைகளான பினோ நுவார், முனியே. கறுப்பாக இருந்தாலும் மென்மையாகப் பிழிந்தால் சாறு வெளிர் நிறம்தான். நிறமெல்லாம் தோலில் இருக்கிறது. குளிர்ப் பிரதேசம் என்பதால் திராட்சையில் புளிப்பு அதிகம் நிற்கும். அந்தப் புளிப்புதான் பல பத்தாண்டுகளுக்கு இந்த ஒயினைக் கெடாமல் காக்கிறது.

முதலில் சாதாரண ஒயின் போலவே சாறு நொதிக்கிறது. பிறகு அதைப் பாட்டிலில் ஊற்றி, லிட்டருக்கு ஏறக்குறைய 24 கிராம் சர்க்கரையும் கொஞ்சம் ஈஸ்ட்டும் சேர்த்து மூடிவிடுகிறார்கள். பாட்டிலுக்குள்ளேயே இரண்டாவது முறை நொதிக்கிறது. உண்டாகும் கரியமில வாயு வெளியே போக வழியில்லாமல் ஒயினிலேயே கரைந்துவிடுகிறது. உள்ளே அழுத்தம் ஆறு வளிமண்டலம் வரை போகும். கார் டயரில் இருப்பதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். வேலை முடிந்த ஈஸ்ட் செத்து அடியில் படிகிறது. அதுதான் நான் பார்த்த அந்தச் சாம்பல் நிற வண்டல்.

சாதாரண ஷாம்பெயின் பல ஆண்டு ஒயின்களைக் கலந்து செய்வது. ஒரு வருடம் மழை, ஒரு வருடம் வெயில் என்று மாறினாலும் வாடிக்கையாளருக்கு ஒரே சுவை கிடைக்க வேண்டும் அல்லவா? அதற்காகத்தான் இந்தக் கலவை. விளைச்சல் சிறப்பாக அமைந்த ஆண்டில் மட்டும், அந்த ஒரே ஆண்டின் திராட்சையைக் கொண்டு தனியாக ஒன்று செய்து லேபிளில் ஆண்டைப் போடுகிறார்கள். அது விண்டேஜ், பிரெஞ்சில் மிலேசிம். சாதாரண ஷாம்பெயினை 15 மாதத்தில் விற்கலாம். விண்டேஜை மூன்று ஆண்டுகளுக்கு முன்னால் விற்கக் கூடாது என்பது சட்டம். நல்ல தயாரிப்பாளர்கள் ஆறு, எட்டு ஆண்டு வரைகூட வைத்திருந்துதான் வெளியே விடுகிறார்கள்.

அந்தக் காத்திருப்பில் என்ன நடக்கிறது? செத்த ஈஸ்ட் சும்மா கிடப்பதில்லை. அதன் செல் மெல்ல உடைந்து, உள்ளே இருந்த புரதங்களும் அமினோ அமிலங்களும் ஒயினில் கரைகின்றன. ரொட்டி, பிஸ்கட், வெண்ணெய் போன்ற மணங்களுக்கும் வாயில் உணரும் அந்த வழவழப்புக்கும் இதுவே காரணம். இன்னொரு முக்கியமான வேலையும் உண்டு. மூடி வழியே கசிந்து வரும் கொஞ்ச நஞ்ச ஆக்ஸிஜனை வண்டல் இழுத்துக்கொள்கிறது. அதனால் வண்டலோடு இருக்கும்வரை ஒயின் மிக மெதுவாகத்தான் முதிர்கிறது. அவீஸில் அந்த 1990 அத்தனை இளமையாக இருந்ததற்குக் காரணம் இதுதான்.

வண்டலை நீக்கும் நாளில் எல்லாம் மாறுகிறது. பாட்டிலைச் சிறிது சிறிதாகத் திருப்பித் தலைகீழாக்கி வண்டலைக் கழுத்துக்குக் கொண்டுவருகிறார்கள். கழுத்தை மட்டும் குளிர்ந்த உப்பு நீரில் நிறுத்தினால் வண்டல் பனிக்கட்டியாக உறையும். மூடியைத் திறந்ததும் அந்தக் கட்டி தெறித்து வெளியே வந்துவிடும். இதற்கு தெகோர்ஜ்மான் என்று பெயர். குறைந்த இடத்தை ஒயினும் சர்க்கரையும் கலந்த ஒரு கரைசலால் நிரப்பிக் கார்க்கை இறுக்குகிறார்கள். இந்தக் கடைசிச் சர்க்கரையின் அளவுதான் தொசாஜ். 'ப்ரூட்' என்று போட்டிருந்தால் லிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே.

இந்தச் சில நொடிகளில் கொஞ்சம் காற்று உள்ளே போகிறது. காவலுக்கு இருந்த வண்டலும் இல்லை. இங்கிருந்துதான் இரண்டாவது வயது தொடங்குகிறது. சர்க்கரையும் அமினோ அமிலமும் சேர்ந்து மிக மெதுவாக வினைபுரிகின்றன. ரொட்டியை வாட்டும்போது பழுப்பாக்கும் அதே மெய்யார் வினைதான். அடுப்பில் இரண்டு நிமிடத்தில் நடப்பது, 11 டிகிரி குளிரில் பத்து இருபது ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது. காப்பி வறுக்கும்போது வரும் மணத்துக்குக் காரணமான ஒரு கந்தகச் சேர்மம் முதிர்ந்த ஷாம்பெயினிலும் உருவாவதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அதனால் 'காப்பி வாசனை வருகிறது' என்று யாராவது சொன்னால் அதைக் கற்பனை என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

இந்த இரண்டு வயதையும் வியாபாரத்தில் முதலில் வெளிப்படையாகக் காட்டியவர்களில் முக்கியமானவர் லில்லி பொலிஞ்சே. கணவர் இறந்த பிறகு பொலிஞ்சே நிறுவனத்தை நடத்தியவர். சைக்கிளிலேயே தோட்டங்களைச் சுற்றி வந்தவர். 1952 அறுவடையில் ஒரு பகுதியை வண்டலோடு நீண்ட காலம் வைத்திருந்து, 1960களில் 'ஆர்.டி.' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். 'அண்மையில் வண்டல் நீக்கியது' என்பதன் பிரெஞ்சுச் சுருக்கம் அது. டோம் பெரிஞோன் நிறுவனமும் அதே வழியில் போகிறது. ஒரே விண்டேஜில் ஒரு பங்கை முதலில் வெளியிட்டுவிட்டு, இன்னொரு பங்கைச் சுமார் 15 ஆண்டு முதிர்ந்த பின் 'பி2' என்றும், மேலும் பல ஆண்டு கழித்து 'பி3' என்றும் வெளியிடுகிறது.

ஆகவே முதிர்ந்த ஷாம்பெயின் வாங்கும்போது பின்பக்க லேபிளைத் திருப்பிப் பாருங்கள். வண்டல் நீக்கிய மாதமும் ஆண்டும் போட்டிருக்கிறதா? ப்ரூனோ பயார் நிறுவனம் 1980களிலிருந்தே இந்தத் தேதியைப் போட்டுவருகிறது. க்ரூக் நிறுவனத்தின் பாட்டிலில் ஓர் எண் இருக்கும். அதைக் கொண்டு அந்தப் பாட்டிலின் விவரத்தைத் தெரிந்துகொள்ளலாம். தேதி தெரிந்தால் சுவையைப் பாதி ஊகித்துவிடலாம். 2002 விண்டேஜ், 2010இல் வண்டல் நீக்கியது என்றால் தேனும் வறுத்த கொட்டைகளும் எதிர்பார்க்கலாம். அதே 2002, 2022இல் நீக்கியது என்றால் இன்னும் எலுமிச்சையும் மாவும்தான். எது உயர்ந்தது? எனக்குக் கார்க்கின் கீழ் நீண்ட காலம் இருந்ததுதான் பிடிக்கும். அது எல்லாருக்கும் பிடிக்க வேண்டும் என்றில்லை. பிரெஞ்சுக்காரர்கள் பலர் இளமையானதையே விரும்புகிறார்கள். முதிர்ந்த ஷாம்பெயினை நாடுவது ஆங்கிலேயர் ருசி என்று நெடுங்காலமாகவே ஒரு பேச்சு உண்டு. பொல் ரொஜே நிறுவனத்தின் 1928 விண்டேஜ் மீது வின்ஸ்டன் சர்ச்சிலுக்கு இருந்த மோகம் பிரசித்தம்.

ஆண்டுகளைப் பற்றிக் கொஞ்சம். எல்லா ஆண்டையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. மூன்றை மட்டும் பாருங்கள், ஏன் ஓர் ஆண்டு நின்று முதிர்கிறது என்பது புரிந்துவிடும். 1996இல் திராட்சையில் இனிப்பும் அதிகம், புளிப்பும் அதிகம். சர்க்கரையிலிருந்து உண்டாகக்கூடிய ஆல்கஹால் 10 சதவீதம், புளிப்பு லிட்டருக்கு 10 கிராம் என்பதால் 'பத்துக்குப் பத்து' என்றே அந்த ஆண்டைச் சொல்வார்கள். நூற்றாண்டின் சிறந்த விண்டேஜ் என்று கொண்டாடினார்கள். ஆனால் பல பாட்டில்களில் பழச்சுவை முதலில் தேய்ந்து, புளிப்பு மட்டும் துருத்திக்கொண்டு நின்றது. நன்றாக அமைந்த 1996 இன்றைக்கும் அபாரம், அமையாதவை ஏமாற்றம்தான். புளிப்பு மட்டும் போதாது, அதைச் சுற்றிச் சதையும் வேண்டும் என்பதை நான் கற்றுக்கொண்டது இந்த ஆண்டிடம்தான்.

2003 இதற்கு நேர் எதிர். ஏப்ரலில் உறைபனி மொட்டுகளைக் கருக்கியது. ஆகஸ்டில் ஐரோப்பாவையே வாட்டிய வெப்ப அலை. புளிப்பு குறைந்துபோனதால் பலர் விண்டேஜே செய்யவில்லை. செய்தவற்றில் பல சீக்கிரமே முதிர்ந்துவிட்டன. 2008 நிதானமான ஆண்டு. குளிர்ந்த, மேகமூட்டமான கோடை; கடைசியில் செப்டம்பர் வெயில் வந்து காப்பாற்றியது. புளிப்பும் பழமும் இணைந்து நின்றன. இப்போது வாங்கி வைக்க ஓர் ஆண்டைச் சொல் என்றால் தயங்காமல் 2008 என்பேன்.

இனிக் குமிழிகள். முதல் முறை முதிர்ந்த ஷாம்பெயின் குடிக்கும் பெரும்பாலோர் முகம் சுருங்குவது இங்கேதான். 'கேஸே இல்லையே, கெட்டுப்போச்சா?' என்று கேட்பார்கள். கெட்டுப்போகவில்லை. எவ்வளவு இறுக்கமான கார்க்காக இருந்தாலும் ஆண்டுக்கணக்கில் வாயு மெல்லக் கசிந்துகொண்டேதான் இருக்கும். ரான்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெரார் லிஜே பெலேர் என்ற இயற்பியலாளர் ஷாம்பெயின் குமிழிகளை ஆராய்வதையே தம் வாழ்நாள் வேலையாக வைத்திருக்கிறார். குமிழிகள் ஒயினிலிருந்து சும்மா பிறப்பதில்லை. கிளாஸின் சுவரில் ஒட்டியிருக்கும் நுண்ணிய நாரிழைகளில் மாட்டியிருக்கும் காற்றிலிருந்து அவை கிளம்புவதை அவர் படம்பிடித்துக் காட்டினார். மேலே ஏறும் வழியில் குமிழி சுற்றியுள்ள வாயுவை உறிஞ்சிப் பெருக்கிறது. முதிர்ந்த ஒயினில் கரைந்த வாயு குறைவு; அதனால் குமிழியும் சிறியது. இளம் ஷாம்பெயினில் நாக்கைக் குத்தும் குமிழி, இதில் வருடிவிட்டுப் போகிறது. முப்பது ஆண்டுக்கு மேல் ஆனதில் சில நேரம் ஒரு சிலிர்ப்பு மட்டுமே மிஞ்சியிருக்கும். அப்போது அதை நுரைக்கும் பானமாக நினைக்காமல் நல்ல வெள்ளை ஒயினாக நினைத்துக் குடியுங்கள்.

பாட்டில் பெரிதாக இருந்தால் நல்லது. சாதாரண பாட்டிலைப் போல இரண்டு மடங்கு கொள்ளும் மாக்னம் பாட்டிலில் ஒயின் அதிகம், கழுத்தும் உள்ளே இருக்கும் காற்றும் ஏறக்குறைய அதே அளவுதான். அதனால் மெதுவாக முதிரும், வாயுவும் நீண்ட நாள் நிற்கும். அரை பாட்டிலில் முதிர்ந்த விண்டேஜ் கிடைத்தால் நான் வாங்குவதில்லை.

திறப்பதைப் பற்றி விவரமாகச் சொல்ல வேண்டும். பழைய பாட்டிலை ஒரு நாள் முன்பே நிமிர்த்தி வையுங்கள். ஏதாவது துகள் இருந்தால் அடியில் படியும். ஃபிரிட்ஜில் சில மணி நேரம் குளிரவிட்டு, திறப்பதற்குச் சற்று முன் வெளியே எடுங்கள். ஐஸ் பக்கெட்டில் புதைத்து வைக்கும் வழக்கம் இதற்கு ஆகாது. இளம் ஷாம்பெயினுக்கு 8 முதல் 10 டிகிரி சரி. முதிர்ந்ததற்கு 12 அல்லது 13 டிகிரி வேண்டும். அதற்குக் கீழே போனால் நாம் பணம் கொடுத்து வாங்கிய மணமெல்லாம் வெளியே வராது.

கம்பிக் கூண்டைத் தளர்த்த ஆறு அரைச் சுற்று. கட்டைவிரலைக் கார்க்கின் மேலிருந்து எடுக்காதீர்கள். வாயு குறைந்திருந்தாலும் ஆள் பக்கம் நீட்டக் கூடாது. பாட்டிலைச் சாய்த்து, கார்க்கை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, பாட்டிலை மட்டும் மெல்லத் திருகுங்கள். இளம் பாட்டிலில் கார்க் தானே கையைத் தள்ளிக்கொண்டு வரும். பழையதில் வராது. ஒட்டிக்கொண்டு அடம்பிடிக்கும், அவசரப்பட்டு முறுக்கினால் பாதியில் ஒடிந்துவிடும். ஒடிந்தால் பதற வேண்டாம். கொஞ்ச நேரம் பொறுத்து, அழுத்தம் குறைந்த பின், கார்க் எடுக்கும் திருகாணியை மெல்ல இறக்கி மிச்சத்தை எடுக்கலாம்.

வெளியே வந்த கார்க்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். இளம் பாட்டிலின் கார்க் அடியில் விரிந்து காளான் போல இருக்கும். பிரெஞ்சுக்காரர்கள் அதைப் 'பாவாடை கட்டியது' என்பார்கள். பல ஆண்டு அழுந்தியே கிடந்த கார்க் மீண்டும் விரிவதில்லை; குச்சி போல ஒடுங்கி நேராக நிற்கும். அதை 'முளை' என்பார்கள். இந்த ஒரு கார்க்கைப் பார்த்தே, லேபிளில் தேதி இல்லாவிட்டாலும், கார்க்கின் கீழ் எவ்வளவு காலம் இருந்தது என்று அனுபவப்பட்டவர்கள் ஊகிப்பார்கள்.

கிளாஸ் என்றால் குழல் போன்ற ஒல்லி கிளாஸ் வேண்டாம். குமிழி ஏறுவதைப் பார்க்க அது அழகு. மணத்துக்கு அதில் இடமில்லை. வாய் அகன்ற தட்டையான கிண்ணமும் வேண்டாம், மணம் பறந்துவிடும். வெள்ளை ஒயினுக்கான கிளாஸ் போதும்: நடுவில் அகன்று, வாயில் ஒடுங்கியது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள்.

முதல் மோப்பத்தில் எதையும் முடிவு செய்யாதீர்கள். இருபது முப்பது ஆண்டு மூடிக் கிடந்தது. திறந்தவுடன் பூட்டிய அறை, கொளுத்திய தீக்குச்சி, ஈரக் காளான் என்று ஏதாவது வரலாம். 2010இல் பால்டிக் கடலில், ஓலந்து தீவுகளுக்கு அருகே, மூழ்கிய கப்பல் ஒன்றிலிருந்து 168 ஷாம்பெயின் பாட்டில்களை முக்குளிப்பவர்கள் கண்டெடுத்தார்கள். சுமார் 50 மீட்டர் ஆழத்தில் குளிரிலும் இருட்டிலும் ஏறக்குறைய 170 ஆண்டு கிடந்தவை. வ்யூவ் கிளிக்கோ, ஹைட்சீக், இன்று இல்லாத ஜுக்ளார் ஆகிய நிறுவனங்களின் பெயர்கள் கார்க்குகளில் இருந்தன. ரான்ஸ் ஆய்வாளர்கள் சுவைத்தபோது முதலில் வந்தது நனைந்த விலங்கு முடியும் பாலாடைக்கட்டியும் சேர்ந்த வாடை. கிளாஸைச் சுழற்றிக் காற்றுப் பட்டதும் அது விலகி, புகை, தோல், மசாலா, கூடவே பூவும் பழமும் வந்தன. நூற்றெழுபது ஆண்டு கழித்தும் பூவாசனை! உங்கள் இருபது வயது பாட்டிலுக்குக் கால் மணி நேரமாவது கொடுங்கள். (அந்தப் பாட்டில்களில் சர்க்கரை லிட்டருக்கு ஏறக்குறைய 140 கிராம். அக்காலத்து ஷாம்பெயின் பாயசம் போலத்தான் இருந்திருக்கும்.)

பிறகு மணங்களைத் தேடுங்கள். ஒயின் புத்தகங்களில் வரும் பெயர்களை உருப்போட்டுத் தேட வேண்டாம். உங்கள் மூக்குக்குத் தெரிந்ததில் இருந்து தொடங்குங்கள். பேக்கரி வாசலில் நிற்கும்போது வருவது, நெய்யில் முந்திரி சிவக்கும்போது வருவது, வெல்லப் பாகு கம்பிப் பதத்துக்கு வரும்போது எழுவது: இவை எல்லாமே இதில் உண்டு. ஓர் ஆச்சரியம் சொல்கிறேன். வெந்தயத்தின் மணத்துக்குக் காரணமான சொடோலோன் என்ற சேர்மம், காற்றுப் பட்டு முதிரும் வெள்ளை ஒயின்களிலும் உருவாகிறது. பிரெஞ்சு நண்பர்கள் 'என்னவோ கறிமசால் மாதிரி' என்று தடுமாறும் இடத்தில், சாம்பாருக்கு வெந்தயம் வறுத்துப் பழகிய மூக்கு சட்டென்று பெயர் சொல்லிவிடும். லேசாக வந்தால் அழகு. வேறெதையும் விடாமல் அது மட்டுமே நிறைந்திருந்தால் ஒயின் தன் காலத்தைக் கடந்துவிட்டது என்று பொருள்.

வாயில் வைத்ததும் புளிப்பைக் கவனியுங்கள். புதுப்புளிக்கும் பழம்புளிக்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரியும்: முதலாவது பல்லைக் கூசவைக்கும், இரண்டாவது கறுத்து உருண்டு நிற்கும். முதிர்ந்த ஷாம்பெயினின் புளிப்பு அப்படித்தான். அளவில் பெரிதாகக் குறைந்திருக்காது, ஆனால் சுற்றிலும் உள்ள சுவைகளோடு கலந்து வட்டமாகியிருக்கும். விழுங்கிய பிறகு சுவை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று எண்ணுங்கள். பிரெஞ்சில் அதற்கு ஓர் அலகே இருக்கிறது: ஒரு நொடி நின்றால் ஒரு கோதாலி. நல்ல முதிர்ந்த விண்டேஜ் பத்து நொடியைச் சாதாரணமாகத் தாண்டும்.

எல்லாப் பழைய பாட்டிலும் நன்றாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பழுப்பேறி, வெட்டிவைத்துக் கறுத்த ஆப்பிள் வாசனை மட்டும் அடித்தால் காற்று அதிகம் பட்டுக் கெட்டுவிட்டது. நனைந்த அட்டைப்பெட்டி வாசனை என்றால் கார்க்கில் கோளாறு. வெந்த முட்டைக்கோசு வாசனை வந்தால் வெளிச்சம் பட்டிருக்கிறது. கடை அலமாரியில் டியூப்லைட்டுக்குக் கீழே நின்ற பாட்டிலுக்கு நேர்வது. ரஷ்யச் சக்கரவர்த்தி இரண்டாம் அலெக்சாண்டருக்காக 1876இல் தொடங்கிய கிரிஸ்டால் ஷாம்பெயினின் பாட்டில் நிறமற்ற கண்ணாடி. இன்றும் அதை மஞ்சள் நிறத் தாளில் சுற்றித்தான் விற்கிறார்கள், வெளிச்சத்துக்குப் பயந்து.

நானே ஒரு முறை ஏலத்தில், எங்கே எப்படி வைத்திருந்தார்கள் என்று கேட்காமல், ஒரு 1982 வாங்கினேன். ஒயின் மட்டம் கழுத்தை விட்டு இறங்கியிருந்ததைக் கண்ணால் பார்த்தும் ஆசை விடவில்லை. திறந்தபோது 'புஸ்' என்றுகூடச் சத்தம் வரவில்லை. குடித்தது காடியும் கருகிய சர்க்கரையும். அன்றிலிருந்து பாட்டிலின் ஆண்டைவிட அது வளர்ந்த வீட்டைப் பற்றித்தான் அதிகம் விசாரிக்கிறேன்.

ரான்ஸ் நகருக்கடியில், கல்லெடுக்கத் தோண்டிய பழைய சுண்ணாம்புக் குழிகள் ஆண்டு முழுக்க 10, 11 டிகிரியில் நிற்கின்றன. 2015இல் யுனெஸ்கோ உலக மரபிடப் பட்டியலில் சேர்ந்த இடங்களில் அவையும் உண்டு. ஷாம்பெயின் முதிர அதுதான் சரியான வீடு: குளிர், ஈரம், இருட்டு, அசைவின்மை. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ அலமாரியில் வைத்து முதிரவைக்கலாம் என்று யாரும் முயல வேண்டாம். ஒரே ஒரு கோடை அதன் பத்து ஆண்டைத் தின்றுவிடும். ஒயின் குளிர்பெட்டி இல்லாதவர்கள் ஏற்கெனவே முதிர்ந்ததை வாங்கிச் சீக்கிரம் குடித்துவிடுவதே மேல்.

தொடங்குவதற்கு ஒரு வழி. தயாரிப்பாளரே தாமதமாக வெளியிடும் பாட்டிலைத் தேடுங்கள். கைமாறிக் கைமாறி வந்ததைவிட நம்பிக்கையானது. சார்ல் ஹைட்சீக் நிறுவனம், ஷார்தொனே மட்டும் கொண்டு செய்த தன் 'ப்ளாங் தே மிலெனேர்' 1995ஐ அறுவடைக்கு ஏறக்குறைய இருபது ஆண்டு கழித்துக்கூட விற்றுக்கொண்டிருந்தது. ஷார்தொனே முதிர்ந்தால் என்ன ஆகும் என்பதை அதைப் போலத் தெளிவாகக் காட்டிய பாட்டில் குறைவு. விலை அதிகம்தான். நான்கு பேர் பங்கு போட்டு வாங்குங்கள். ஒரு பாட்டிலில் ஆறு கிளாஸ் வரும். அதே நிறுவனத்தின் இளம் பாட்டில் ஒன்றையும் பக்கத்தில் திறந்து வையுங்கள். ஒன்றை வைத்துத்தான் இன்னொன்று புரியும்.

கூடவே கேக் வேண்டாம், இனிப்புக்கு முன்னால் இந்த ஒயின் கசக்கும். பல மாதம் முதிர்ந்த கோந்த்தே பாலாடைக்கட்டி, வெண்ணெயில் வதக்கிய காளான், தோல் மொறுமொறுக்க வாட்டிய கோழி என்று ஏதாவது ஒன்று இருந்தால் போதும்.

அவீஸில் அன்று இரண்டு கிளாஸையும் முடித்த பிறகு, அந்தத் தோட்டக்காரர் வண்டல் நீக்கிய பாட்டிலின் மிச்சத்துக்குக் கார்க் போட்டு, சாக்பீஸால் அன்றைய தேதியை அதன் மேல் எழுதினார். பிறகு அதே 1990இல் இன்னும் எத்தனை தலைகீழாக நிற்கின்றன என்று கேட்டேன். எண்ணிப் பார்த்துவிட்டு, பதினொன்று என்றார்.